பழைய லிங்க்கெல்லாம் 404 காட்டுகிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி: ஊர் வரலாறும் கோயில் கல்வெட்டுகளும் பற்றி 2013 முதல் இணையத்தில் எழுதிவருகிறேன். 2018 வரை பிளாகரில் இருந்தேன். பிறகு சொந்த டொமைன் வாங்கி வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினேன். சுமார் 1,100 கட்டுரைகள் உள்ளன. பழைய கட்டுரைகளுக்குள் இருக்கும் லிங்க்குகளில் பாதிக்குப் பாதி ‘பக்கம் காணப்படவில்லை’ (404) என்கிறது. வாட்ஸாப்பில் நான் அனுப்பும் லிங்க் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு வேறு கட்டுரை வருகிறது. லிங்க் சரிபார்க்கும் ப்ளகின் ஒன்றைப் போட்டேன். தளம் மெதுவாகி, ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. எல்லா 404-ஐயும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

வணக்கம் ஐயா.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். முகப்புக்குத் திருப்பிவிட்டால் 404 என்ற எண் உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட கல்வெட்டைத் தேடி வந்தவர் உங்கள் முகப்பில் வந்து நிற்பார். அந்தக் கட்டுரை இருக்கிறதா, எடுத்துவிட்டீர்களா என்று அவருக்குத் தெரியாது. கூகுளும் இப்படிச் சம்பந்தமில்லாத பக்கத்துக்கு அனுப்புவதை ‘சாஃப்ட் 404’ என்று குறித்துக்கொண்டு, காணாமல்போன பக்கமாகவே நடத்தும். இதையெல்லாம்விடப் பெரிய இழப்பு, எந்தெந்த முகவரியைத் தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்ற பட்டியலே உங்களுக்குக் கிடைக்காமல் போவது. வேலை தொடங்க வேண்டிய இடமே அந்தப் பட்டியல்தான்.

அந்த ப்ளகினையும் எடுத்துவிடுங்கள். அந்த வகை ப்ளகின்கள் உங்கள் சர்வரிலேயே உட்கார்ந்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் எல்லா லிங்க்கையும் திரும்பத் திரும்பத் தட்டிப்பார்ப்பவை; 72 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருப்பவையும் உண்டு. கட்டுரைக்குப் பத்து லிங்க் என்று வைத்தாலும் 11,000 கோரிக்கைகள். பலரும் சேர்ந்து குடியிருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் இதைத் தாங்காது. வெறுமனே நிறுத்தினால் அது உண்டாக்கிய டேட்டாபேஸ் அட்டவணைகள் அப்படியே தங்கிவிடும். ப்ளகினின் அமைப்பிலேயே தரவை அழிக்கும் வசதி இருந்தால் அதைச் செய்துவிட்டுப் பிறகு நீக்குங்கள்.

உடைந்த லிங்க் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உங்களிடம் இருப்பவை மூன்று வேறு சரக்குகள். உங்கள் கட்டுரையிலிருந்து உங்களுடைய இன்னொரு கட்டுரைக்குப் போகும் லிங்க். உங்கள் கட்டுரையிலிருந்து வெளித்தளத்துக்குப் போகும் லிங்க். பிறர் தளத்திலும் வாட்ஸாப் குழுக்களிலும் விக்கிப்பீடியாவிலும் கிடந்து உங்கள் பழைய முகவரிக்கு ஆளனுப்பிக்கொண்டிருக்கும் லிங்க். முதல் இரண்டையும் ஒரு மென்பொருள் கண்டுபிடித்துத் தந்துவிடும். மூன்றாவதை எந்த மென்பொருளும் உங்கள் தளத்தைத் துழாவிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாசகரை இழப்பது அதிகம் அங்கேதான். எனவே அதிலிருந்து தொடங்குவோம்.

பிளாகரில் விட்டுவந்த முகவரிகள்

பழைய பிளாகை அழித்துவிட்டீர்களா, இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் தயவுசெய்து அழிக்க வேண்டாம். பாதி மருந்து அதற்குள்தான் இருக்கிறது.

பிளாகர் தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரி உண்டாக்காது. அதனால்தான் தமிழ் பிளாகுகளில் பெரும்பாலான இடுகைகளின் முகவரி ஆண்டு, மாதம், பிறகு ‘பிளாக்-போஸ்ட்_17.ஹெச்டிஎம்எல்’ என்று ஒரே சாயலில் இருக்கும். வேர்ட்பிரஸ்ஸில் அதே கட்டுரைக்கு வேறு முகவரி. இரண்டையும் எப்படி இணைப்பது என்று மலைக்க வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸின் பிளாகர் இம்போர்ட்டர் வழியாகக் கொண்டுவந்திருந்தால், ஒவ்வொரு கட்டுரையோடும் ‘பிளாகர்_பெர்மாலிங்க்’ என்ற தனிப்புலத்தில் பழைய பாதை பத்திரமாக இருக்கும். ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தில், டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஹெச்பிமைஅட்மினைத் திறந்து, போஸ்ட்மெட்டா அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடினால் கட்டுரை எண்ணும் பழைய பாதையும் இரண்டு நிரலாக வரும். அதைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். விரிதாளில் முதல் நிரலில் பழைய பாதை, இரண்டாவதில் அந்தக் கட்டுரையின் இன்றைய முகவரி. இன்றைய முகவரியை ஒவ்வொன்றாக எடுக்கச் சிரமமாக இருந்தால் கேள்விக்குறி, ஆங்கில ‘பி’, சமக்குறி, கட்டுரை எண் என்று எழுதினால் போதும். கட்டுரையின் முகவரி எப்படி மாறினாலும் அந்த எண் வழி சரியான இடத்துக்கே போகும்.

இந்தக் கோப்பை ‘ரீடைரக்‌ஷன்’ என்ற, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் இலவச ப்ளகினில் இம்போர்ட் செய்யுங்கள். வகை 301, அதாவது நிரந்தர மாற்றம். அமைப்பில் ஒன்றை மறக்க வேண்டாம்: முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பிளாகர் பக்கத்தைத் திறந்து பகிர்ந்தவர்களின் லிங்க்கில் ‘எம்=1’ என்ற வால் இருக்கும்; ஃபேஸ்புக் தன் பங்குக்கு நீண்ட வாலொன்றை ஒட்டும். புறக்கணிக்கச் சொல்லாவிட்டால், பட்டியலில் பாதை சரியாக இருந்தும் ரீடைரக்ட் வேலை செய்யாது, காரணமும் பிடிபடாது.

இனி பழைய பிளாக்கிலிருந்து ஆட்களைப் புதிய வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிளாகர் அமைப்பில் ‘கஸ்டம் ரீடைரக்ட்’ என்று ஒன்று உண்டு. ஆனால் அது அதே பிளாகுக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மட்டும்தான் அனுப்பும், வெளி டொமைனுக்கு அனுப்பாது. அதனால் வார்ப்புருவின் தலைப்பகுதியில், திறந்த பக்கத்தின் பாதையை அப்படியே எடுத்து உங்கள் புதிய டொமைனோடு ஒட்டி அனுப்பும் இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்டைப் போட வேண்டும். புதிய தளத்துக்கு வந்ததும் மேலே சொன்ன 301 பட்டியல் ஏற்றுக்கொள்ளும். பிளாகரின் தீம் பகுதியில் மொபைல் அமைப்பை டெஸ்க்டாப் என்று மாற்றுவதையும் சேர்த்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியில் வருபவர்களுக்குத் தனி வார்ப்புரு திறந்து, உங்கள் இரண்டு வரி அவர்களை எட்டவே எட்டாது.

இன்னொரு அபாயம் இதைவிட அமைதியானது. பிளாகரிலிருந்து கட்டுரைகளைக் கொண்டுவரும்போது எழுத்து மட்டும்தான் பெரும்பாலும் வரும். படங்கள் கூகுளின் சர்வரிலேயே இருக்க, உங்கள் தளம் அங்கிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். 2 ஆண்டுகளாகப் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. பிளாகுக்கென்று ஒரு தனி ஜிமெயில் வைத்திருந்து அதை மறந்துவிட்டிருந்தால், ஒருநாள் கல்வெட்டுப் படங்களெல்லாம் ஒரேயடியாகப் போய்விடலாம். இன்றே அந்தக் கணக்கில் ஒருமுறை நுழைந்து வாருங்கள். பிறகு நிதானமாகப் படங்களை உங்கள் மீடியா தொகுப்புக்கே கொண்டுவாருங்கள்.

பிளாக் ஏற்கெனவே அழிந்துவிட்டது என்றால் அந்தக் கதவு மூடியதுதான். பிறர் தளங்களில் கிடக்கும் அந்த லிங்க்குகளை நீங்கள் திருப்ப முடியாது. முக்கியமானவற்றை மட்டும் ஆளைப் பிடித்து மாற்றச் சொல்லலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் மேற்கோளாக இருந்தால் நீங்களே திருத்தலாம். அங்கே சிறப்புப் பக்கங்களில் வெளியிணைப்புத் தேடல் இருக்கிறது, பழைய டொமைனைக் கொடுத்தால் எந்தெந்தக் கட்டுரையில் அது வருகிறது என்று காட்டிவிடும்.

மூன்றாம் வகையில் மிச்சமிருப்பவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு சாளரங்கள் உண்டு. ஒன்று, கூகுள் தேடலில் தளத்தின் நிலையை அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல்: பக்கங்கள் அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை 404’ என்ற வரியைத் திறந்தால் 1,000 முகவரிகள் வரை காட்டும், ஒன்றைத் தேர்ந்து ஆய்வு செய்தால் எந்தப் பக்கத்திலிருந்து அந்த லிங்க்கைப் பிடித்தது என்பதும் பல சமயம் தெரியும். மற்றொன்று ரீடைரக்‌ஷன் ப்ளகினின் 404 பதிவேடு. பதிவை ஒரு வாரம் மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸ் வீங்கும். இரண்டிலும் வருவது அத்தனையும் உங்கள் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். உங்களிடம் என்றுமே இல்லாத நிர்வாகக் கோப்புகளையும் பேக்கப் கோப்புகளையும் தேடி ரோபோக்கள் நாள்தோறும் கதவைத் தட்டும். அவற்றுக்கு 404 சரியான பதில்தான். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வருகிறதா, வேறொரு தளத்தின் பெயர் அதன் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் முகவரியின் கடைசியில் ஒரு மேற்கோள் குறியோ, அடைப்புக்குறியோ, முற்றுப்புள்ளியோ ஒட்டிக்கொண்டிருப்பதையும் காண்பீர்கள். வேர்டில் எழுதி ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி லிங்க்குக்குள் புகுந்துவிடுவதால் வருவது அது. உங்கள் கட்டுரையிலேயே இருந்தால் அங்கே திருத்துங்கள். பிறர் தளத்தில் இருந்தால் அந்தப் பிழை முகவரிக்கே ஒரு 301 போட்டுவிடலாம்.

வாட்ஸாப்பில் ஏன் வேறு கட்டுரை திறக்கிறது

இது தமிழில் முகவரி வைப்பவர்களுக்கென்றே உள்ள சிக்கல். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விளங்கிவிடும்.

தமிழ் எழுத்து முகவரியில் அப்படியே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் எடுக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். இங்கே குறி என்பது நீங்கள் வகுப்பில் சொல்லித்தந்த எழுத்து அல்ல: ‘கி’ என்பது ககரமும் இகரக் கொக்கியுமாக 2 குறி, ‘ல்’ என்பது லகரமும் புள்ளியுமாக 2 குறி. வேர்ட்பிரஸ் கட்டுரையின் முகவரிப் பகுதியான ஸ்லக்கை 200 இடத்துக்குள் அடக்குகிறது. 200-ஐ 9-ஆல் வகுத்தால் 22 குறி. மூன்று சொல் தாண்டினாலே வெட்டு விழுந்துவிடும்.

‘தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைப் 7, பெரிய 5, கோயில் 6, மொத்தம் 18 குறிகள், 162 இடம். சொற்களுக்குப் பின்னால் வரும் 3 சிறுகோடுகளையும் சேர்த்தால் 165. மிச்சம் 35 இடத்தில் மூன்று குறிதான் நுழையும்: க, ல, புள்ளி. ஆக ஸ்லக் ‘தஞ்சைப்-பெரிய-கோயில்-கல்’ என்று நின்றுவிடும். அடுத்து ‘தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள்’ என்று எழுதினால் அதுவும் அதே ‘கல்’லில் வெட்டுப்பட்டு, வேறுபடுத்துவதற்காகக் கடைசியில் ‘-2’ என்று ஒட்டப்படும். மூன்றாவது கட்டுரைக்கு ‘-3’.

இப்போது அந்த 190-க்கும் மேற்பட்ட இடம் நீளும் முகவரி வாட்ஸாப்பில், மின்னஞ்சலில், பிறகு யாரோ ஒருவரின் வேர்ட் கோப்பில் என்று கைமாறுகிறது. வரி உடைந்து ‘-2’ மட்டும் உதிர்ந்தால் 404 வராது, முதல் கட்டுரை திறக்கும். நடுவில் வெட்டுப்பட்டால் வேர்ட்பிரஸ் ஓர் ஊகம் செய்யும்: வந்த முகவரியில் தொடங்கும் ஸ்லக் வேறெதற்காவது இருந்தால் அங்கே அனுப்பிவிடும். உங்கள் வாசகர்களுக்கு வேறு கட்டுரை வருவது இப்படித்தான். ஒரு குறியின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலேயே வெட்டுப்பட்டால் எதுவும் திறக்காது. ஊகிப்பதை 5.5 பதிப்பிலிருந்து நிறுத்திவைக்க முடியும்; ஆனால் அது தவறாக அனுப்புவதைவிடச் சரியாக அனுப்புவதே அதிகம், விட்டுவிடுங்கள்.

இதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வகையும் சேரும். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். சர்வருக்கு அவை இரண்டு வேறு முகவரிகள். ‘ஸ்ரீ’யை ஸகரத்திலிருந்தும் எழுதலாம், பிறகு யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் எழுதலாம், ஸ்ரீரங்கம், ஸ்ரீவைகுண்டம் என்று ஊர்ப்பெயர் எழுதும் உங்களுக்கு இது கட்டாயம் குறுக்கே வரும். படக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் இதே கதைதான்: பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்த வடிவில் சேமிக்கும், லிங்க்கில் சேர்ந்த வடிவம் இருக்கும், படம் வராது. முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் 404 வந்தால், முகவரியைக் கையால் தட்டிப் பார்க்காமல் தளத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்து முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒப்பிடுங்கள்.

இனி எழுதும் கட்டுரைகளுக்குத் தலைப்பு தமிழில் இருக்கட்டும், ஸ்லக் மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று முதல் ஐந்து சொல்லாக இருக்கட்டும். தமிழுக்குச் செய்யும் குறையாக நினைக்க வேண்டாம். கட்டுரையை வாசகர் கையில் சேர்ப்பதற்கான விலாசம் அது. பழைய 1,100-ஐயும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். அதிகம் பகிரப்படும் கட்டுரைகளை மட்டும், அதுவும் எடிட்டரில் திறந்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எடிட்டர் வழியாக மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடும். டேட்டாபேஸில் நேரடியாக மாற்றினால் அந்த நினைவு பதியாது. ‘என்னைப் பற்றி’, ‘கட்டுரை அட்டவணை’ போன்ற நிலைப்பக்கங்களுக்கு எடிட்டரில் மாற்றினாலும் இந்த வசதி கிடையாது. அவற்றுக்கு நீங்களே 301 போட வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்புவதற்கு மேலே சொன்ன எண் முகவரி போதும், அதில் உடைவதற்கு ஒன்றுமில்லை.

சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் ஹெச்டிஅக்சஸ் கோப்பில் யாராவது ரீடைரக்ட் எழுதச் சொன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அங்கே பழைய பாதையைச் சதவீதக் குறிகளாக எழுதினால் பொருந்தாது; அப்பாச்சி சர்வர் குறிகளைப் பிரித்த பிறகுதான் ஒப்பிடும், ஆகவே தமிழிலேயே எழுத வேண்டும். வேர்ட்பிரஸ் தன் வரிகளுக்குத் தொடக்கமும் முடிவும் குறித்து வைத்திருக்கும். அதற்குள் எழுதியது அழிந்துபோகும், மேலே எழுதுங்கள். தொடும் முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள், ஒரே ஒரு பிழை வரி முழுத் தளத்தையும் 500 பிழையில் நிறுத்திவிடும்.

உங்கள் கட்டுரைகளுக்குள் இருப்பவை

இதற்கு உங்கள் சொந்தக் கணினியிலிருந்தே தளத்தைத் துழாவும் மென்பொருள் வேண்டும். ஸ்க்ரீமிங் ஃப்ராக் நல்ல கருவி. ஆனால் இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும், உங்கள் தளத்துக்குப் போதாது. விண்டோஸ் கணினி என்றால் ஜீனு லிங்க் ஸ்லூத் போதும். பழைய மென்பொருள்தான், தோற்றமும் பழையதுதான். இலவசம், 1,100 கட்டுரைகளுக்கும் தாங்கும்.

தொடங்கும் முன் விருப்பங்களில் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளின் எண்ணிக்கையை 3 அல்லது 4-ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ்டிங்கிலிருந்து இரண்டாவது எச்சரிக்கை வரும். மறுமொழி, ஃபீட், தேடல் முகவரிகளை விலக்கப்பட்டவற்றில் சேருங்கள். அவை ஒரே கட்டுரையைப் பத்து வடிவில் திருப்பித் தந்து பட்டியலை நிரப்பும். இரவில் ஓடவிடுங்கள். முடிந்ததும் உடனே நம்பாமல் கன்ட்ரோல்-ஆர் அழுத்தி உடைந்தவற்றை மட்டும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள், வேறு நேரத்தில் இன்னொருமுறை. அந்த நேரத்துக்குத் தூங்கிக்கொண்டிருந்த சர்வர்கள் கழிந்துவிடும். பிறகு பக்க வரைபடத்தை விரிதாளுக்கு ஏற்றுமதி செய்தால் எந்தக் கட்டுரையில் எந்த லிங்க் என்று இரு நிரல்களில் கிடைக்கும்.

அதை லிங்க் வாரியாக வரிசைப்படுத்துங்கள், கட்டுரை வாரியாக அல்ல. 300 பிழைகள் என்று மிரட்டுவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு காரணங்கள்தான். பக்கப்பட்டையில் ஒரு லிங்க் தவறாக இருந்தால் அது 1,100 முறை வரும். உங்கள் டொமைனுக்குப் பின்னால் இன்னொரு தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு வந்தால், ‘ஹெச்டிடிபிஎஸ்’ போடாமல் லிங்க் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். படக் கோப்பு இருந்தும் 404 என்றால் பெயரின் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள்; உங்கள் விண்டோஸுக்கு ‘ஜேபிஜி’ எப்படி இருந்தாலும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு.

எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 404-உம் 410-உம் போய்விட்டதைச் சொல்பவை. 403, 429, 503 என்றால் கருவியை ரோபோ என்று அந்தத் தளம் வாசலில் நிறுத்தியிருக்கலாம். லிங்க்ட்இன் 999 என்று ஒரு எண்ணைத் தரும். இவற்றை பிரவுசரில் திறந்து பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். இந்திய அரசுத் தளங்களில் சில வெளிநாட்டுக் கோரிக்கைகளை ஏற்பதில்லை. அதனால் எங்கோ உள்ள சர்வரிலிருந்து சோதிக்கும் ஆன்லைன் சேவைகள் அவற்றைச் செத்த லிங்க் என்று சொல்லிவிடும். கும்பகோணத்தில் உங்கள் மேசையிலிருந்து சோதிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

திறக்கும், ஆனால் வேறெதுவோ திறக்கும்

எந்தக் கருவியும் பிடிக்காத வகை இது. பக்கம் 200 என்ற நல்ல எண்ணோடு திறக்கும். உள்ளே சூதாட்ட விளம்பரம் இருக்கும். டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் இன்னொருவர் வாங்கிவிடுவதால் வருவது.

தமிழ் பிளாகுலகத்துக்கு இதில் ஒரு பெரிய கண்ணி உண்டு. 2012-க்குப் பிறகு சில ஆண்டுகள் இந்தியாவிலிருந்து எந்த பிளாகைத் திறந்தாலும் முகவரி பிளாக்ஸ்பாட்.இன் என்று மாறித் தெரிந்தது. அப்போது முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தவர்கள் எல்லோரும் அதையே லிங்க்காகக் கொடுத்தார்கள். 2018-இல் கூகுள் அந்த நாட்டு வாரி முறையைக் கைவிட்டது. 2020-இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற டொமைனே அதன் கையை விட்டுப் போனது. நீங்கள் 2013-இலிருந்து எழுதுகிறவர். சக பதிவர்களுக்குக் கொடுத்த லிங்க்குகளில் கணிசமானவை இப்படித்தான் இருக்கும். நல்ல வேளையாக மருந்து எளிது: .இன் என்பதை .காம் ஆக்கினால், அந்த பிளாக் உயிரோடு இருக்கும் பட்சத்தில் அதே பாதையில் திறந்துவிடும்.

பழைய நூல்களின் ஸ்கேன்களுக்கு டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவின் லிங்க்கைக் கொடுத்திருந்தால் அந்த முகவரிகள் இப்போது வேலைக்காகாது. அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. நூலின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றித் தேடுங்கள். தலைப்புகளை ஏற்றியவர்கள் எழுத்துக்கூட்டலில் தாராளமாக இருந்திருக்கிறார்கள். கிடைத்ததும் முன்னட்டையையும் பதிப்பாண்டையும் சரிபார்த்த பிறகே லிங்க் கொடுங்கள். நூலின் பெயர் ஒன்றாக இருந்து பதிப்பு வேறானால் உங்கள் பக்க எண் மேற்கோள்கள் பொய்த்துவிடும்.

வேறெங்கும் கிடைக்காத பக்கங்களுக்கு அதே ஆர்க்கைவின் வேபேக் மெஷின். முகவரியைக் கொடுத்தால் எந்தெந்த நாளில் நகல் எடுத்தது என்று நாட்காட்டி வரும். கடைசி நகலை எடுக்காதீர்கள், அது 404 பக்கத்தையோ விளம்பரப் பக்கத்தையோ எடுத்த நகலாக இருக்கலாம். நீங்கள் கட்டுரை எழுதிய நாளுக்கு மிக அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் படித்து மேற்கோள் காட்டியது அதைத்தான். அங்கும் இல்லையென்றால் லிங்க்கை எடுத்துவிட்டு, பக்கத்தின் தலைப்பையும் தளத்தின் பெயரையும் பார்த்த ஆண்டையும் எழுத்தாக விட்டுவையுங்கள். ஆதாரத்தைத் தடயமின்றி அழிப்பது ஆய்வுக் கட்டுரைக்கு அழகல்ல. இது உங்களிடம் மட்டும் உள்ள குறையும் அல்ல: பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் மறைந்துவிட்டன.

மொத்தமாக மாற்றும்போது

நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் ஒரே மாற்றம் என்றால் ‘பெட்டர் சர்ச் ரிப்ளேஸ்’ ப்ளகினைப் பயன்படுத்துங்கள். முதலில் முழு டேட்டாபேஸையும் பேக்கப் எடுங்கள். பிறகு வெள்ளோட்டமாக ஓட்டிப் பாருங்கள். எத்தனை இடத்தில் மாறும் என்று மட்டும் சொல்லும், எதையும் தொடாது. அந்த எண் நீங்கள் எதிர்பார்த்ததோடு ஒத்தால் மட்டும் உண்மையில் ஓட்டுங்கள். கட்டுரைகளின் நிலையான அடையாளம் இருக்கும் ஜியூஐடி நிரலைத் தொட அனுமதிக்காதீர்கள். பிஹெச்பிமைஅட்மினில் நேரடியாகத் தேடி மாற்றும் வழியை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்: விட்ஜெட், தீம் அமைப்புகளைப் போன்ற சில தரவுகள் தம் நீளத்தையும் எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். முகவரியின் நீளம் மாறி அந்த எண் மாறாவிட்டால் முழுத் தரவும் படிக்க முடியாமல் போகும்.

உங்கள் தமிழ் முகவரிகளைத் தேடும்போது ஒரே லிங்க் மூன்று உருவில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சில இடத்தில் தமிழ் எழுத்தாகவே, சில இடத்தில் சதவீதக் குறிகளோடு பெரிய ஆங்கில எழுத்தில், சில இடத்தில் அதுவே சிறிய எழுத்தில். மூன்றுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று பார்த்தால் பாதி அப்படியே இருக்கும்.

வேலையின் வரிசை இது: கூகுள் கணக்கில் நுழைவது இன்று. பேக்கப்பும் பிளாகர் பட்டியலும் ரீடைரக்ட்டும் இந்த வாரம். ஜீனு ஓட்டி முதல் பத்துக் காரணங்களைத் தீர்ப்பது அடுத்த வாரம். வெளித்தள லிங்க்குகளை மாதம் நூறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் வாசிக்கப்படும் கட்டுரைகளிலிருந்து. போட்ட 301 எதையும் ஓராண்டுக்கு முன் எடுக்காதீர்கள். எடுக்காமலே இருந்தாலும் கேடில்லை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜீனு. புதிய கட்டுரை எழுதும்போது, கொடுக்கும் ஒவ்வொரு வெளி லிங்க்கையும் வேபேக் மெஷினின் ‘இப்போதே சேமி’ பெட்டியில் ஒட்டிவிட்டு வெளியிடுங்கள். லிங்க் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்கள் 404 பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ‘இந்த முகவரி மாறியிருக்கலாம், ஊர்ப்பெயரைத் தட்டித் தேடுங்கள்’ என்று தமிழில் ஒரு வரி, அதன் கீழே ஒரு தேடல் பெட்டி, ஊர் வாரி அட்டவணைக்கு ஒரு லிங்க். அது உண்மையில் 404 எண்ணைத்தான் அனுப்புகிறதா என்று பார்க்க, பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முதல் வரியில் எண் தெரியும். அங்கே 200 என்று இருந்தால் தீமில் கோளாறு, அதைச் சரிசெய்யும்வரை சர்ச் கன்சோல் பட்டியலை நம்ப முடியாது.